மூன்று சின்ன இடி, போன வேலை

(வாசகர் கேள்வி – பதில் பகுதி. அமெரிக்காவில் டிரக் ஓட்டும் நம் ஆட்கள் இந்த முறை எழுதியதில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: விபத்து, அதன் பிறகு வேலை. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த முறைக்குத் தள்ளிவிட்டேன்.)

கேள்வி: அண்ணா, வணக்கம். சிடிஎல் (வணிக வண்டி ஓட்டும் லைசென்ஸ்) எடுத்து ஒரு பெரிய கம்பெனியில் சேர்ந்து ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை. போன வாரம் அனுப்பிவிட்டார்கள். காரணம், மூன்று விபத்து. விபத்து என்று சொல்லவே எனக்கு வாய் வரவில்லை. முதலாவது, ராத்திரி டிரக் ஸ்டாப்பில் ரிவர்ஸ் எடுக்கும்போது பக்கத்தில் நின்ற வண்டியின் ஹுட்டில் டிரெய்லரின் மூலை உரசிவிட்டது. இரண்டாவது, ஒரு கிடங்கு வாசலில் வலது பக்கம் திரும்பும்போது டிரெய்லரின் பின்சக்கரம் ஏறி கேட் கம்பம் சாய்ந்தது. அந்த வாசலுக்குப் போகச் சொன்னதே கம்பெனியில் உட்கார்ந்து எங்களுக்கு லோடும் வழியும் சொல்லும் டிஸ்பாட்சர்தான், டிரக் நுழைய வேண்டிய வாசல் அடுத்த தெருவில் இருந்தது. மூன்றாவது, லோடிங் டாக்கில் பின்னால் போகும்போது அங்கே நட்டிருந்த மஞ்சள் இரும்புத் தூணில் இடித்தது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. போலீஸ் டிக்கெட் (அபராதச் சீட்டு) இல்லை. எந்த வண்டியையும் இழுத்துக்கொண்டு போகவில்லை. ஆனாலும் மூன்றுமே 'பிரிவென்டபிள்', அதாவது தவிர்த்திருக்கலாம், என்று எழுதிக் கணக்கை முடித்துவிட்டார்கள். இது நியாயமா? இனி யாராவது என்னை நம்பி வண்டி கொடுப்பார்களா?
– பெயர் வேண்டாம்

பதில்: தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அதுதான் உங்களைத் தூங்கவிடாமல் வைத்திருக்கும். கொடுப்பார்கள். கொஞ்ச நாள் ஆகும், முதலில் கிடைக்கிற வேலை நீங்கள் ஆசைப்பட்ட ரூட்டாகவோ சம்பளமாகவோ இருக்காது, பத்து இடத்தில் 'இப்போதைக்கு இல்லை' என்பார்கள். ஆனால் கொடுப்பார்கள். யாரும் காயப்படாத, டிக்கெட் இல்லாத மூன்று இடியோடு ஒருவருடைய ஓட்டுநர் வாழ்க்கை முடிந்துபோவதில்லை.

சரி, நியாயமா என்ற கேள்விக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் 'டிக்கெட் இல்லை', 'காயம் இல்லை', 'டிஸ்பாட்சர் சொன்னார்' என்று மூன்று வாதங்கள் இருக்கின்றன. மூன்றுமே உண்மையாக இருக்கலாம், ஆனால் மூன்றுமே வேறு ஒரு கேள்விக்கான பதில்கள். போலீஸ் பார்ப்பது சட்டத்தை மீறினீர்களா என்று. இன்சூரன்ஸ் பார்ப்பது யார் பணம் கட்டுவது என்று. கம்பெனியின் சேஃப்டி ஆபீஸ் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: அந்த ஓட்டுநர் ஏதாவது ஒன்றைச் செய்திருந்தால், அல்லது செய்யாமல் இருந்திருந்தால், இது நடக்காமல் போயிருக்குமா? மத்திய அரசின் போக்குவரத்து விதிகளில் இருக்கும் வரையறையும் கிட்டத்தட்ட அதுதான், ஆனால் அதில் ஓட்டுநரோடு கம்பெனியையும் சேர்த்தே சொல்லியிருக்கிறது. அதாவது டிஸ்பாட்சர் தப்பான வாசலுக்கு அனுப்பியது கம்பெனியின் பங்கு. அதை நீங்கள் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ஆனால் உடனே திருப்பிக் கேட்பார்கள்: வாசல் குறுகலாக இருப்பதைப் பார்த்ததும் ஏன் நிறுத்தவில்லை? ஹசார்டு லைட் போட்டுவிட்டு போன் பண்ண எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? இதற்குப் பதில் இல்லை என்பது உங்களுக்கே தெரியும்.

என் கணக்கில் இரண்டாவதில் பாதிப் பொறுப்பு கம்பெனியுடையது, முதலாவதும் மூன்றாவதும் முழுக்க உங்களுடையவை. அதற்கு வேலையை விட்டு அனுப்பியது கொஞ்சம் கடுமைதான், மறு பயிற்சி கொடுத்திருக்கலாம். ஆனால் அந்த நாட்டில் யூனியன் ஒப்பந்தமோ தனி ஒப்பந்தமோ இல்லாத வேலையில் காரணமே சொல்லாமல்கூட அனுப்பலாம், மொன்டானா மாநிலம் மட்டும்தான் இதில் விதிவிலக்கு. எனவே அந்தக் கம்பெனியோடு மல்லுக்கட்டி அந்த வேலையைத் திரும்ப வாங்குகிற யோசனையை விட்டுவிடுங்கள். உங்கள் சக்தியைச் செலவழிக்க வேண்டிய இடம் வேறு.

அது எங்கே என்றால், அந்த மூன்று சம்பவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்றும் நடக்கிற வேகத்தில் நடந்தவை. மூன்றிலும் இடித்தது டிரெய்லரின் பின்பகுதி. மூன்றிலும் இடித்த பொருள் நகராமல் நின்ற பொருள். அதாவது மூன்று முறையும், கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குள் வண்டியை நகர்த்தியிருக்கிறீர்கள். கம்பெனிக்காரனுக்கு அது மூன்று விபத்தாகத் தெரியாது, ஒரே பழக்கம் மூன்று தடவை வெளியே வந்ததாகத்தான் தெரியும். பணச் சேதம் எவ்வளவு என்று அவன் பயப்படவில்லை. நான்காவது தடவை அந்தத் தூண் இருந்த இடத்தில் ஒரு ஆள் நின்றால் என்ன ஆகும் என்றுதான் பயப்படுகிறான்.

முதலாவதை எடுத்துக்கொள்வோம். ராத்திரி டிரக் ஸ்டாப். நீங்கள் எழுதவில்லை, ஆனால் பந்தயம் கட்டுகிறேன், வலது பக்கமாகத்தான் பின்னால் போயிருப்பீர்கள். சிடிஎல் கையேட்டிலேயே இருக்கிறது, முடிந்தவரை ஓட்டுநர் பக்கமாக, அதாவது இடது பக்கமாகத் திரும்பித்தான் ரிவர்ஸ் எடுக்க வேண்டும் என்று. ஜன்னலில் தலையை நீட்டினால் டிரெய்லரின் பின்மூலை தெரியும். வலது பக்கம் போனால் வண்டி மடங்கியதும் கண்ணாடியில் டிரெய்லரின் பக்கச் சுவர் மட்டும்தான் தெரியும், மூலை எங்கே போகிறது என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். பிறகு ஏன் அப்படிப் போனீர்கள்? அந்த நேரத்தில் அந்த ஒரு இடம்தான் காலியாக இருந்திருக்கும். ஏன் அந்த நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தீர்கள்? வேலை தொடங்கியதிலிருந்து 14 மணி நேரக் கெடுவுக்குள் 11 மணி நேரம் ஓட்டலாம் என்றால் பதினொன்றையும் ஓட்டித் தீர்த்துவிட்டுத்தான் நிறுத்துவது என்று பழகியிருப்பீர்கள். சாயங்காலமே நல்ல இடமெல்லாம் நிரம்பிவிடும். ஆக, ராத்திரி நடந்த அந்த உரசலை காலையில் ரூட் போடும்போதே ஆரம்பித்துவிட்டீர்கள். ஒன்றரை மணி நேரம் முன்னாலேயே நிறுத்தும்படி திட்டம் போடுகிறவருக்கு இந்த மாதிரி இடத்தில் ரிவர்ஸ் எடுக்க வேண்டிய தேவையே குறைந்துவிடும். இதை எந்தச் சேஃப்டி வகுப்பிலும் இவ்வளவு பச்சையாகச் சொல்லமாட்டார்கள், ஏனென்றால் மைல் குறைந்தால் கம்பெனிக்கும் கசக்கும்.

இரண்டாவது சுலபம். 53 அடி டிரெய்லரின் பின்சக்கரங்கள் முன்சக்கரம் போன தடத்தில் வராது, மூலையை அறுத்துக்கொண்டுதான் வரும். டேண்டம் சக்கரங்களை, அதாவது முன்னும் பின்னும் நகர்த்தி வைக்கக்கூடிய அந்தப் பின்சக்கரங்களை, பின்னால் தள்ளி வைத்திருந்தால் இன்னும் அதிகமாக அறுக்கும். முன்னால் இழுத்து வைத்தால் அறுப்பது குறையும், ஆனால் சக்கரத்துக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் வால் எதிர்ப்பக்கம் வீசும், அது வேறு தலைவலி. டேண்டம் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் ஒரு குறுகிய வாசலில் திரும்பக்கூடாது. அவ்வளவுதான்.

மூன்றாவதுதான் முக்கியம். இறங்கிப் பார்த்தீர்களா? அநேகமாக ஒருமுறை பார்த்திருப்பீர்கள். பார்த்துவிட்டு ஏறி, பாதி தூரம் போனதும் கோணம் சரியில்லை என்று முன்னால் இழுத்து, மறுபடி பின்னால் போயிருப்பீர்கள். இப்போது டிரெய்லர் வேறு பாதையில் போகிறது, நீங்கள் இறங்கிப் பார்த்ததோ பழைய பாதையை. ஒவ்வொரு முறை கோணம் மாறும்போதும் மறுபடி இறங்க வேண்டும். நான்கு முறை என்றால் நான்கு முறை. இதைச் செய்யாததற்குக் காரணம் சோம்பல் இல்லை. புது ஓட்டுநர்களுக்குப் பயிற்சி கொடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், காரணம் கூச்சம். இரண்டு பக்கமும் பழைய ஆட்கள் காபியைக் கையில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பார்கள், பின்னால் ஒருத்தன் ஹாரன் அடிப்பான், 'இவன் இன்னும் எத்தனை தடவை இறங்குவான்' என்று சிரிப்பது மாதிரியே இருக்கும். சிரிக்கட்டும். அவர்களில் யாரும் உங்களுக்கு மறுநாள் சம்பளம் கொடுக்கப் போவதில்லை.

அப்புறம், காகித விஷயம். இதில் உங்களுக்குக் கொஞ்சம் ஆறுதல் இருக்கிறது. மத்திய விதியில் 'விபத்து' என்று பதிவாக வேண்டுமானால் ஒரு உயிர் போயிருக்க வேண்டும், அல்லது காயம்பட்டவரை அங்கிருந்து உடனே சிகிச்சைக்குக் கொண்டுபோயிருக்க வேண்டும், அல்லது ஒரு வண்டியாவது ஓடமுடியாமல் இழுத்துச் செல்லப்பட்டிருக்க வேண்டும். உங்களுடைய மூன்றும் இதில் வராது. அதனால் ஐந்து வருட விபத்துகளையும் மூன்று வருட வண்டிச் சோதனைகளையும் காட்டும் பிஎஸ்பி என்ற மத்திய அரசு அறிக்கையில் இவை இருக்காது என்றே எதிர்பார்க்கலாம். ஆனாலும் ஒரு பிரதி வாங்கிப் பார்த்துவிடுங்கள். இவை தெரியப்போவது வேறு இரண்டு இடத்தில். ஒன்று, புதுக் கம்பெனி உங்கள் கடந்த மூன்று வருட முதலாளிகளிடம் கட்டாயம் விசாரிக்க வேண்டும், பழைய கம்பெனி 30 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். இன்னொன்று டேக் ரிப்போர்ட். ஹயர்ரைட் என்ற நிறுவனம் வைத்திருக்கும் வேலை வரலாறு அது, எதற்காக வெளியேறினீர்கள், திரும்பச் சேர்த்துக்கொள்வார்களா, கம்பெனிக் கணக்கில் என்னென்ன விபத்து என்பதெல்லாம் அதில் வரும். வருடத்துக்கு ஒருமுறை உங்கள் பிரதியை இலவசமாகக் கேட்டு வாங்கலாம். வேலை தேடும் முன்பே வாங்குங்கள். ஒரே சம்பவம் இரண்டு முறை பதிவாகியிருப்பது, தேதி மாறியிருப்பது போன்ற தப்புகள் இருந்தால் எழுத்தில் மறுப்புக் கொடுங்கள், பொதுவாக 30 நாளுக்குள் விசாரித்து முடிக்க வேண்டும் என்பது சட்டம். பழைய கம்பெனி அனுப்பிய விவரத்தைப் பார்க்கவும், தப்பைத் திருத்தச் சொல்லவும், அவர்கள் திருத்த மறுத்தால் உங்கள் பக்கத்தை எழுதி அதோடு இணைக்கவும் மத்திய விதிகளிலேயே உரிமை இருக்கிறது. அந்த வாசல் விஷயத்தை எழுத வேண்டிய இடம் இதுதான். நான்கு வரி போதும். டிஸ்பாட்சர் அனுப்பிய செய்தி உங்கள் போனில் இருந்தால் இப்போதே பத்திரப்படுத்துங்கள், கம்பெனி டேப்லெட்டில்தான் இருந்தது என்றால் அது போனது போனதுதான்.

நேர்காணலில் பேசும்போது 'சின்ன' என்ற சொல்லை வாயிலிருந்து விடாதீர்கள். 'சின்ன உரசல்தான் சார்' என்று ஆரம்பித்தால் எதிரே இருப்பவர் அங்கேயே மூடிவிடுவார். என்ன நடந்தது, ஏன் நடந்தது, அதற்கு அப்புறம் எதை மாற்றினீர்கள் என்று சொல்லிவிட்டு நிறுத்துங்கள். டிஸ்பாட்சரைத் திட்ட வேண்டாம். முடிந்தால் ஒரு பயிற்சிப் பள்ளியில் ரிவர்ஸுக்கு மட்டும் சில நாள் மறுபயிற்சி எடுத்து அந்தச் சான்றிதழைக் கையோடு கொண்டுபோங்கள், 'மாற்றினேன்' என்று வெறும் வாயால் சொல்வதைவிட அது பேசும். பெரிய கம்பெனிகள் எண்ணிக்கையைப் பார்த்தே கம்ப்யூட்டரில் தள்ளிவிடும். பத்து இருபது வண்டி வைத்திருக்கும் இடங்களில் முதலாளியோடு நேரில் பேசலாம், ஆனால் அவருடைய இன்சூரன்ஸ்காரர் ஒத்துக்கொள்ள வேண்டும், அதனால் அவர் சரி என்று சொன்ன பிறகும் இல்லை என்று வந்தால் அவர் மேல் வருத்தப்படாதீர்கள். நாள் போகப் போக இது சுலபமாகும், மூன்று வருடத்துக்கு முந்தையதைப் பெரும்பாலும் கேட்கவே மாட்டார்கள்.

கேள்வி: வேலை விண்ணப்பத்தில் யார்டுக்குள் (வண்டி நிறுத்தும் வளாகத்துக்குள்) நடந்த இடியை எழுதாமல் விட்டால் என்ன? போலீஸ் ரிப்போர்ட்டே இல்லையே? நண்பர்கள் எல்லாரும் எழுதாதே என்கிறார்கள்.
– இன்னொரு வாசகர்

பதில்: அந்த நண்பர்களில் யாராவது உங்களுக்குப் பதிலாக வேலைக்குப் போவதாக இருந்தால் கேளுங்கள். விண்ணப்பத்தில் கடந்த மூன்று வருடத்தில் நீங்கள் சம்பந்தப்பட்ட எல்லா வாகன விபத்தையும் எழுத வேண்டும் என்பது மத்திய விதி. போலீஸ் வந்ததா, யார் மேல் தப்பு என்று அதில் பிரிக்கவில்லை. கீழே 'எல்லாம் உண்மை' என்று கையெழுத்தும் போடுகிறீர்கள். டேக் ரிப்போர்ட்டில் அது இருந்தால் அன்றைக்கே மாட்டுவீர்கள், இல்லாவிட்டால் ஓரியன்டேஷனில் (புது ஆட்களுக்கான அறிமுக வகுப்பில்) இரண்டு நாள் உட்காரவைத்து மூன்றாம் நாள் பஸ் டிக்கெட் கொடுத்து அனுப்புவார்கள். இடித்தவர்களை மன்னித்து எடுத்துக்கொண்ட சேஃப்டி மேனேஜர்கள் நிறையப் பேர். விண்ணப்பத்தில் பொய் எழுதியவரை எடுத்துக்கொண்ட ஒருவரை நான் இதுவரை பார்க்கவில்லை. எழுதுங்கள்.

கேள்வி: என் தம்பி ஓட்டிய வண்டி இரண்டாவது தடவையாக இடித்துவிட்டது. கம்பெனி வண்டியைத் திருப்பிக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறது. போனால் வேலை போய்விடும் என்று அவனுக்குத் தெரியும். 'எதுக்கு ஆயிரம் மைல் ஓட்டிக்கொண்டு போய் அவமானப்படணும், இங்கேயே டிரக் ஸ்டாப்பில் சாவியைப் போட்டுவிட்டு விமானம் ஏறி வந்துவிடுகிறேன்' என்கிறான். நான் என்ன சொல்வது?
– ஒரு அக்கா

பதில்: அம்மா, இதைப் படித்து முடித்ததும் முதல் வேலையாக அவருக்குப் போன் போடுங்கள். வேண்டவே வேண்டாம். இரண்டு விபத்தோடு வேலை கிடைக்கும். 'வண்டியை நடுவழியில் கைவிட்டார்' என்று ஒரு வரி டேக் ரிப்போர்ட்டில் ஏறிவிட்டால் அதற்குப் பிறகு வேலை கிடைப்பது மூன்று விபத்தைவிடக் கஷ்டம். விபத்தைக் கவனக்குறைவு என்று நினைப்பார்கள், இதையோ குணம் என்று நினைப்பார்கள். அதோடு வண்டியை மீட்க ஆன செலவைக் கடைசிச் சம்பளத்தில் பிடிக்கப் பார்ப்பார்கள், அந்த வழக்கு வேறு.

கோபத்தோடு ஓட்ட முடியாது என்றால் பத்து மணி நேரம் படுத்துத் தூங்கிவிட்டு ஓட்டட்டும். கம்பெனி சொன்ன இடத்தில் நிறுத்தி, நான்கு பக்கமும் உள்ளேயும் போட்டோ எடுத்து, சாவியை ஒரு ஆள் கையில் கொடுத்து, கொடுத்ததற்கு எழுத்தில் ஒரு வரி வாங்கிக்கொண்டு கிளம்பட்டும். ஊருக்குத் திரும்ப டிக்கெட் யார் எடுப்பது என்பதை வண்டியைக் கிளப்பும் முன்பே மெசேஜில் கேட்டு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், கையில் சாவி இருக்கும்வரைதான் அந்தப் பேச்சுக்கு மரியாதை.

கேள்வி: ஹைவேயில் ஒரு கார் குறுக்கே புகுந்து பிரேக் அடித்தது, நான் பின்னால் மோதினேன். காரை இழுத்துக்கொண்டு போனார்கள். என் டாஷ்கேமில் எல்லாம் தெளிவாக இருக்கிறது. ஆனாலும் கம்பெனி தவிர்த்திருக்கலாம் என்று எழுதி வேலையை விட்டு எடுத்துவிட்டது. இதை எதிர்க்க முடியாதா?
– ஐந்து வருட ஓட்டுநர்

பதில்: முடியலாம், ஆனால் எல்லாம் அந்த வீடியோவில் இரண்டு நொடிகளுக்கு நடுவே இருக்கிறது: கார் உங்கள் லேனுக்குள் வந்த நொடி, அதன் பிரேக் விளக்கு எரிந்த நொடி. கடிகாரம் வைத்து எண்ணிப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு நொடி, ஒன்றரை நொடி என்றால் உலகத்தில் யாராலும் நிறுத்தியிருக்க முடியாது, தாராளமாகப் போராடுங்கள். ஆறேழு நொடி இருந்து, அந்த நேரம் முழுக்க நீங்கள் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்காமல் அதன் வாலைப் பிடித்தே போயிருந்தால், அந்த வீடியோ உங்களுக்கு எதிரான சாட்சி.

ஏன் என்றால் கணக்கு அப்படி. மணிக்கு 55 மைலில் போகும்போது ஆபத்தைக் கண்ணும் மூளையும் உணர 142 அடி, கால் பிரேக்குக்குப் போக 61 அடி, பிரேக் பிடித்து நிற்க 216 அடி, ஆக மொத்தம் 419 அடி என்கிறது சிடிஎல் கையேடு. அதுவும் காய்ந்த நல்ல ரோட்டில். இடைவெளிக்கு அதே கையேடு சொல்லும் கணக்கு, வண்டி நீளத்தில் ஒவ்வொரு 10 அடிக்கும் ஒரு நொடி, 40 மைலுக்கு மேல் போனால் கூட ஒரு நொடி. 60 அடி வண்டிக்கு 7 நொடி. இதை ஹைவேயில் கடைப்பிடித்தால் அந்த இடைவெளியில் கார்கள் புகுந்துகொண்டே இருக்கும், நீங்கள் பின்வாங்கிக்கொண்டே இருப்பீர்கள், பைத்தியக்காரத்தனமாகத்தான் தோன்றும். ஆனால் ஒரு நாள் முழுக்க அப்படிப் பின்வாங்கினாலும் போய்ச் சேர்வது சில நிமிடம்தான் தாமதமாகும்.

உங்கள் விஷயத்தில் கார் இழுத்துச் செல்லப்பட்டதால் அது மத்தியக் கணக்கில் பதிவாகும் விபத்து, பிஎஸ்பியில் ஐந்து வருடம் நிற்கும். ஒரு வழி இருக்கிறது. மத்திய மோட்டார் கேரியர் பாதுகாப்பு நிர்வாகம், அதாவது எஃப்எம்சிஎஸ்ஏ, 2020 முதல் சில வகை விபத்துகளை 'தவிர்க்க முடியாதது' என்று பரிசீலித்து அறிவிக்கும் ஒரு திட்டத்தை நடத்துகிறது. பின்னாலிருந்து மோதப்பட்டது, எதிர்த் திசையில் வந்தவர் மோதியது, விலங்கு குறுக்கே வந்தது போன்றவைதான் முதலில் அதில் இருந்தன, நீங்கள் பின்னால் மோதிய விபத்துக்கு இடமே இல்லை. 2024 டிசம்பரில் அதை விரிவாக்கியபோது, நடந்ததை முழுக்கக் காட்டும் வீடியோ இருந்தால் மற்ற வகை விபத்துகளையும் அனுப்பலாம் என்று சேர்த்தார்கள். டேட்டாக்யூஸ் என்ற அவர்களுடைய இணையதளம் வழியாக ஓட்டுநரே விண்ணப்பிக்கலாம், போலீஸ் அறிக்கையும் வீடியோவும் வேண்டும். வீடியோ பிரதி உங்கள் கையில் இருக்கிறதா, கம்பெனி சர்வரில் மட்டும்தான் இருக்கிறதா? இரண்டாவது என்றால் இன்றைக்கே எழுத்தில் கேளுங்கள். அந்தத் தீர்ப்பு சாதகமாக வந்தாலும் பழைய வேலை திரும்பக் கிடைக்காது, விபத்தும் பட்டியலிலிருந்து மறையாது, பக்கத்தில் அந்தக் குறிப்பு ஏறும். அடுத்த கம்பெனிக்கு அது போதும்.

கூடவே ஒன்று: 'மிக நெருக்கமாகப் பின்தொடர்ந்தது' என்று டிக்கெட் கொடுத்தார்களா? கொடுத்திருந்தால் வேலையைவிட அதை முதலில் கவனியுங்கள். சிடிஎல் விதியில் அது கடும் மீறல்களில் ஒன்று. அந்த வகையில் மூன்று வருடத்துக்குள் தனித்தனி சம்பவங்களில் இரண்டு தண்டனை ஆனால் 60 நாள், மூன்று ஆனால் 120 நாள் லைசென்ஸ் இல்லை. பேசாமல் அபராதம் கட்டிவிட்டு வராதீர்கள், கட்டுவது குற்றத்தை ஒப்புக்கொள்வதாகிவிடும். ஒரு டிராஃபிக் வக்கீலைப் பாருங்கள்.

கேள்வி: போனில் இருக்கும் மேப்பை நம்பிப் போய் பாலத்தில் டிரெய்லரின் கூரையைக் கிழித்துக்கொண்டேன். முதல் விபத்துதான். ஒரே விபத்துக்கு வேலையை விட்டு எடுப்பார்களா? மேப் காட்டிய வழிக்கு நான் எப்படிப் பொறுப்பு?
– புது ஓட்டுநர்

பதில்: எடுப்பார்கள். பாலத்தில் இடிப்பது, வண்டியைக் கவிழ்ப்பது இந்த இரண்டுக்கும் பல கம்பெனிகளில் முதல் தடவையே கடைசித் தடவை. உங்கள் டிரெய்லர் 13 அடி 6 அங்குலம். கார்க்காரர்களுக்காகச் செய்த மேப்புக்கு அது தெரியாது, அதற்கு நீங்களும் ஒரு கார்தான். பாலத்துக்கு முன்னால் பலகை இருந்ததா இல்லையா என்பதுதான் கேள்வி, இருந்தது என்றால் வேறு பேச்சில்லை. நார்த் கரோலினாவின் டர்ஹம் நகரில் ஒரு ரயில் பாலம் இருக்கிறது, 11 அடி 8 அங்குலம், பலகை, மின்னும் விளக்கு என்று எல்லாம் வைத்தும் வண்டிகள் வரிசையாகக் கூரையை உரித்துக்கொண்டதில் அது வீடியோக்களாலேயே உலகப் புகழ் பெற்றது. 2019இல் 8 அங்குலம் உயர்த்தி 12 அடி 4 அங்குலம் ஆக்கினார்கள். அதன் பிறகும் இடிக்கிறார்கள். ஆகவே நீங்கள் தனி ஆள் இல்லை, அந்த அளவுக்கு ஆறுதல் பட்டுக்கொள்ளுங்கள். அடுத்த வேலைக்கு டிரக் ஜிபிஎஸ்ஸோடு உயரக் கட்டுப்பாடு போட்ட ஒரு டிரக்கர் அட்லஸும் வாங்குங்கள். பலகையைப் பார்த்துச் சந்தேகம் வந்தால் நடுரோட்டிலேயே நில்லுங்கள். போலீஸை அழைத்துப் பின்னால் வர உதவி கேட்பதற்கு யாரும் வேலையை விட்டு எடுக்கமாட்டார்கள்.

கேள்வி: வெள்ளிக்கிழமை சேஃப்டி ஆபீஸில் மீட்டிங். நிச்சயம் எடுத்துவிடுவார்கள். அதற்கு முன்னால் நானே ராஜினாமா செய்துவிட்டால் நல்லதா?
– அவசரம்

பதில்: ராஜினாமா செய்தாலும் விபத்து விபத்தாகவேதான் பதிவாகும், வெளியேறிய காரணம் மட்டும் மாறும். அதற்குக் கொஞ்சம் மதிப்பு உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் நீங்களே விலகினால் வேலையின்மைக் காப்பீட்டுத் தொகை கிடைப்பது கஷ்டமாகிவிடும். அவர்கள் அனுப்பினால், வேண்டுமென்று செய்த தப்புக்கும் கவனக்குறைவுக்கும் பல மாநிலங்கள் வித்தியாசம் பார்க்கின்றன, வெறும் கவனக்குறைவு என்றால் தொகை கிடைக்க வாய்ப்பு உண்டு. மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும், அதனால் கிடைக்காது என்று நீங்களே முடிவு கட்டாமல் விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள்.

வேறு கம்பெனியில் எழுத்தில் வேலை உறுதியாகிவிட்டது என்றால் ராஜினாமா செய்யுங்கள். இல்லை என்றால் மீட்டிங்குக்குப் போங்கள். சில சமயம் எடுப்பதற்குப் பதிலாக மறுபயிற்சி, சில மாதம் கண்காணிப்பு என்று முடித்துவிடுவதும் உண்டு, அது உள்ளே போய் உட்கார்ந்தவருக்குத்தான் தெரியும். எதிலாவது கையெழுத்துக் கேட்டால் பிரதி வாங்கிக்கொண்டு போடுங்கள். நடந்த விவரம் தப்பாக எழுதியிருந்தால் 'இந்த வரியை நான் ஏற்கவில்லை' என்று கையெழுத்துக்கு மேலேயே எழுதுங்கள். யூனியன் இருக்கும் இடம் என்றால் அவர்கள் ஆள் இல்லாமல் அந்த அறைக்குள் நுழையாதீர்கள், புகார் கொடுக்க ஒப்பந்தத்தில் கெடு இருக்கும், அது சில நாள்தான் இருக்கும், வியாழக்கிழமையே கேட்டுவிடுங்கள்.